டார்லிங்கில் இரண்டு மேடைகள்

தூரதேசம் சென்று மீண்டவரைக் கண்டால், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். மலையைக் கண்டேன், மாளிகையைக் கண்டேன் என்று விடையளித்தால் வினவியவர் மனம் நிறைவெய்தும். 2016 ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் தென்னாபிரிக்கா சென்று திரும்பிய என்னையும் ஆசிரியர் அறையில் நண்பர்கள் அவ்வாறே சூழ்ந்துகொண்டனர். "மேசைமலையைக் கண்டேன், நன்னம்பிக்கை முனையில் நின்றேன், ஆயினும் என் நெஞ்சை விட்டு அகலாதது ஒரு சிற்றூரின் புகையிரத நிலையமே" என்றேன். நண்பர்கள் நகைத்தனர்.

அவர்கள் நகைத்தது பொருத்தமே. ஏனெனில் அந்நிலையத்துக்குச் சென்றோர் பெரும்பாலும் வண்டி ஏறுவதற்காகச் சென்றவரல்லர். நகைப்பதற்காகவே சீட்டு வாங்கிச் சென்றவர்கள். அங்கே கண்ட கூத்தையும், அக்கூத்து வளர்ந்த வரலாற்றையும், அதனை என்னருகில் இருந்து பார்த்த ஒரு முதியவரையும் பற்றியதே இக்கட்டுரை.

கந்தோரும் கட்டிலும்

கேப் ரவுண் நகரில் என் அக்காவும் அத்தானும் பல ஆண்டுகளாக வாழ்கின்றனர். அவர்களுடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு மாணவி. பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆபிரிக்கான்ஸ் பயின்று வந்தாள். நான் சென்றிறங்கிய அன்று மாலையே அவள் ஒரு வினாவுடன் வந்தாள்.

"மாமா, அப்பா கந்தோருக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்கிறார். எங்கள் ஆபிரிக்கான்ஸ் புத்தகத்திலும் அலுவலகத்துக்குக் ‘கந்தூர்’ என்றுதான் இருக்கிறது. எங்கள் சொல்லை அவர்கள் எடுத்தார்களா? அவர்கள் சொல்லை நாங்கள் எடுத்தோமா?"

இருவரும் ஒரே வீட்டிலிருந்து எடுத்தோம் என்றேன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் 1652 இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். நம்மிடம் கந்தோர், லாச்சி முதலிய சில சொற்களையும் கோட்டையையும் விட்டுச் சென்றவர்கள், அங்கே தமது மொழியையே விட்டுச் சென்றனர். அம்மொழி அந்த மண்ணிற் பலர் நாவிற் புரண்டு உருமாறி ஆபிரிக்கான்ஸ் ஆயிற்று.

அந்தப் பலர் யாவர் என்பதே கவனிக்கத்தக்கது. கம்பனியார் முனைக்கு அடிமைகளைக் கொண்டு சென்றனர். ஜாவா முதலிய கிழக்குத் தீவுகளிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும், வங்கம், மலையாளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பழைய ஏடுகளில் அவ்வேழைகளின் பெயருக்குப் பின்னால் பிறந்த நாட்டின் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. ‘இலங்கையைச் சேர்ந்த’, ‘சோழமண்டலத்தைச் சேர்ந்த’ என்று. எசமானின் மொழியைச் சமையலறையில் நின்று பேசிப் பேசி மாற்றியவர்கள் இவர்கள். கட்டிலைக் குறிக்கும் ஆபிரிக்கான்ஸ் சொல் ‘காற்றெல்’ என்பதாகும். நம் கட்டிலே பிற நாவுகளைக் கடந்து அங்குபோய்ச் சேர்ந்ததென அறிஞர் கூறுவர். கேப் ரவுணின் போ-காப் பகுதியில் வாழ்ந்த இஸ்லாமியர் இம்மொழியை அரபு எழுத்திலேயே எழுதினர். அவ்வாறு எழுதப்பட்ட சமய நூலொன்று 1877 இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

பிற்காலத்தில் வெள்ளையரான ஆபிரிக்கானர் இம்மொழியைத் தமது இனத்தின் கொடியாக உயர்த்தினர். ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போரில் தோற்று, நாடிழந்து நின்ற காலத்தில் அவர்களுக்கு மொழியே நாடாயிற்று. அப்போரிற் பிடிபட்ட போயர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் 1900 ஆம் ஆண்டு முதல் நமது தியத்தலாவையிற் சிறை வைக்கப்பட்டிருந்தனர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. 1925 இல் ஆபிரிக்கான்ஸ் அரசகரும மொழியாயிற்று. 1948 இல் ஆபிரிக்கானரின் தேசியக் கட்சி ஆட்சி ஏறியது. ஒடுக்கப்பட்டோரின் மொழி, ஒடுக்குவோரின் மொழியாக மாறிய கதை இது.

மலைமேல் ஒரு தூண்

டார்லிங் செல்வதற்கு முதல் நாள் அத்தான் எங்களைப் பார்ள் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே மலைச்சாரலில் ஆபிரிக்கான்ஸ் மொழிக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கின்றனர். 57 மீற்றர் உயரமுள்ள ஒரு தூண் வானை நோக்கி வளைந்து கூர்த்துச் செல்கிறது. 1975 ஒக்ரோபரில் அது திறந்துவைக்கப்பட்டது. மொழிக்குச் சிலை வைப்பதிற் குறை காண நாம் யார்? நம்மவரும் வைத்தவர்களே. எனினும் அத்தூணின் அடியில் நின்றபோது எனக்கு ஓராண்டுக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

தூண் எழுந்து ஓராண்டு ஆகுமுன், 1976 ஜூன் 16 ஆந் திகதி, சொவெற்றோ நகரின் கறுப்பின மாணவர்கள் வீதியில் இறங்கினர். பாடங்களிற் பாதியை ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்கவேண்டும் என்ற கட்டளையை எதிர்த்தே அவர்கள் இறங்கினர். பொலிசார் சுட்டனர், சிறுவர்கள் மாண்டனர். கல்லில் எழுந்த மொழிப்பெருமைக்கு இதனிலும் பெரிய இழுக்கு வேறில்லை. மாணவர்க்கு மொழி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அம்மலையின் அழகை நெடுநேரம் அனுபவிக்க இயலவில்லை.

கபரே என்பது யாது?

‘கபரே’ என்றதும் நம்மவர் சிலர் முகஞ்சுழிப்பர். பெருவிடுதிகளில் நள்ளிரவில் நிகழும் நடனமே அவர்கள் மனக்கண்ணில் தோன்றும். மூலப்பொருள் அதுவன்று. 1881 இல் பாரிஸ் நகரின் மொன்மாத்ர் குன்றில் ‘கருப்புப் பூனை’ என்னும் பெயருடைய சிறு மதுச்சாலையில் கவிஞரும் பாடகரும் கூடினர். சிறிய மேடை, ஒரு பியானோ, ஒரு பாடகர், அருகருகே அமர்ந்த கூட்டம். நாட்டு நடப்பை நையாண்டி செய்யும் பாட்டும் பேச்சும். இதுவே கபரே. அங்கிருந்து அது பேர்லினுக்குச் சென்று கூர்மை பெற்றது. ஹிற்லர் ஆட்சி ஏறியதும் அங்கே அதன் குரல் நெரிக்கப்பட்டது. நம் கூத்திலே அரசன் கொலுவிருக்கும்போது கட்டியக்காரன் குறுக்கே புகுந்து உண்மையை உளறிவிட்டுப் போவானே, அவனுக்கென்றே தனி அரங்கு கட்டிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

ஆபிரிக்கான்ஸ் மொழியில் இக்கலை பிந்தியே வேரூன்றியது. 1963 இல் அரசு நான்கு மாகாணங்களிலும் கலைமன்றங்களை நிறுவிப் பணத்தை வாரி வழங்கியது. நல்ல நாடகங்கள் எழுந்தன. ஆயினும் பார்ப்போர் வெள்ளையர், நடிப்போர் வெள்ளையர். 1971 இல் கேப் ரவுணில் திறக்கப்பட்ட பெரிய இசைநாடக மாளிகையில் தொடக்கத்தில் வெள்ளையர் அல்லாதார் நுழைய இயலாது. 1975 இலேதான் அதன் கதவு யாவர்க்கும் திறந்தது.

கபரேயை ஆபிரிக்கான்ஸ் இலக்கியத்தில் ஒரு வடிவமாக நிலைநாட்டியவர் ஹென்னி ஔகம்ப் என்னும் எழுத்தாளர். 1934 இற் பிறந்து 2014 இல் மறைந்தவர். ஸ்ரெலன்பொஷ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர். பேர்லின் மரபை நன்கு கற்ற அவர், 1970 களின் பிற்பகுதி தொடங்கிக் கபரேப் பனுவல்களை எழுதினார். 1980 இல் வந்த ஒன்றின் பெயர் ‘அனுமதியுடன் சொன்னது’. தணிக்கைச் சபை வாளோங்கி நின்ற காலத்தில் இப்பெயரே ஒரு குத்தல். சில ஆண்டுகளின் பின் வந்த மற்றொன்றின் பெயர் ‘யாவர்க்கும் மட்டும்’. நாடெங்கும் வாங்குகளிலும் வாயில்களிலும் தொங்கிய ‘வெள்ளையர்க்கு மட்டும்’ என்ற பலகையில் ஒரு சொல்லை மாற்றி, அவர் அந்தச் சட்டம் முழுவதையும் நகைப்புக்கு இடமாக்கிவிட்டார். அவர் அரங்கில் ஆரவாரமில்லை. படித்த குடும்பத்தார் கூடத்தில் அமர்ந்து தம்மையே கண்ணாடியிற் பார்த்துச் சங்கடப்படும் நயமான நையாண்டி அது.

இல்லாத ஓர் அம்மையார்

நயத்தோடு நில்லாமல் நேரே அரசின் முகத்தெதிரே சென்று நகைத்தவர் பீற்றர் டேர்க் எய்ஸ். 1945 இல் கேப் ரவுணிற் பிறந்தவர். தந்தையார் ஆபிரிக்கானர், இசைக்கலைஞர். தாயார் பேர்லினிற் பிறந்த பியானோக் கலைஞர். யூதர் என்ற காரணத்தால் நாற்சிகளிடமிருந்து தப்பி வந்தவர். தாயார் யூதர் என்பதை அவர் மறைவின் பின்னரே பிள்ளைகள் அறிந்தனர். ஆளும் இனத்தின் குருதியும், ஓர் அரசினால் வேட்டையாடப்பட்ட இனத்தின் குருதியும் ஒருவரிடத்திலேயே கலந்திருந்தமை, அவர் பிற்காலத் தொழிலுக்கு நல்ல வித்தாயிற்று போலும்.

1970 களில் அவருடைய நாடகங்கள் சில தடைசெய்யப்பட்டன. நாடகம் தடைப்பட்டால் நடிகர் குழு முழுவதும் பட்டினி. எனவே தனியொருவராய் மேடையேறினார். அக்காலத்துத் தலைவர் பி. டபிள்யூ. போத்தா வெள்ளையரை நோக்கி, காலத்துக்கேற்ப மாறுங்கள் அன்றேல் மாண்டுபோவீர்கள் என எச்சரித்து வந்தார். எய்ஸ் 1981 இல், ‘மாறு, அன்றேல் சாயம் பூசு’ என்று பொருள்படும் பெயருடன் தம் தனிநடிப்பை அரங்கேற்றினார். ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடு. பொருளிலோ மலையும் மடுவும். மாற்றம் என்று அரசு சொல்வது வெறும் வெளிப்பூச்சே என்பது குறிப்பு.

அந்நிகழ்ச்சி இடம்பெற்ற யொகன்னஸ்பேர்க் ‘மார்க்கெட்’ அரங்கைப் பற்றியும் ஒரு சொல். முன்னர் அது இந்தியரின் பழச்சந்தை. சொவெற்றோவில் துப்பாக்கி வெடித்து ஐந்து நாட்களின் பின், 1976 ஜூன் 21 இல், செக்கோவின் நாடகத்துடன் அது அரங்காயிற்று. எல்லா இனத்தவரும் ஒருங்கே அமர்ந்து பார்த்த மிகச் சில இடங்களில் ஒன்று அது.

எய்ஸ் படைத்த பாத்திரங்களில் தலையாயது எவிற்றா பெசெய்டன்ஹௌற் என்னும் அம்மையார். பெரிய குடும்பத்து ஆபிரிக்கானர் பெண்மணி. கணவர் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். அம்மையாரோ அரசு உருவாக்கிய ஒரு பொய்க் ‘கறுப்பர் தாயகத்து’க்குத் தூதுவர். அத்தாயகமும் கற்பனை, அம்மையாரும் கற்பனை. சேலை உடுத்த ஆண்மகனை மேடையிற் காண்பது நமக்குப் புதிதன்று. எய்ஸ் அணிந்தது கவுன். இனிய சொல்லும் உயர்ந்த கொண்டையும் நீண்ட இமைமயிருமாக வந்து, அரசைப் புகழ்வது போலப் புகழ்ந்தே அதன் மடமையை வெளிப்படுத்துவார். தடை செய்தால், இல்லாத ஒரு பெண்ணுக்கு அமைச்சர்கள் அஞ்சினர் என்றாகிவிடும். வஞ்சப்புகழ்ச்சியணி கற்பிக்கும்போது இனி எனக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பறவைபோற் பறந்தவர்கள்

1980 களில் நெருக்கடிநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வெள்ளை இளைஞர் யாவரும் கட்டாயப் படைச்சேவைக்குச் செல்லவேண்டியிருந்தது. தந்தையர் கட்டிய அரசுக்காக எல்லையில் உயிர்கொடுக்க மைந்தர் மனம் ஒப்பவில்லை. 1986 இல் அமண்டா ஸ்ட்ரைடம் என்னும் கபரேப் பாடகி மேடையிற் கைமுட்டியை உயர்த்திக் கறுப்பின மக்களின் விடுதலை முழக்கத்தை எழுப்பியதற்காகப் பெருங் கண்டனத்துக்கு ஆளானார்.

1989 இல் யொஹன்னஸ் கெர்க்கொரல், கூஸ் கொம்பெய்ஸ், ஜேம்ஸ் பிலிப்ஸ் முதலிய பாடகர்கள் ‘ஃபூல்ஃப்ரெய்’ என்ற பெயருடன் நகர்தோறும் சென்று பாடினர். அச்சொல்லுக்குப் ‘பறவைபோற் சுதந்திரமானவன்’ என்றும் பொருள். ‘சட்டத்தின் காப்பை இழந்தவன்’ என்றும் பொருள். கெர்க்கொரல் என்பது இயற்பெயரன்று. ‘தேவாலய ஓர்கன்’ என்னும் பொருளுடைய புனைபெயர். ‘சீர்திருத்தத் திருச்சபை’யை நினைவூட்டும் பெயரைத் தம் இசைக்குழுவுக்கும் சூட்டியிருந்தார். கபரேயின் நாவையும் மின்கித்தாரின் முழக்கத்தையும் அவர் ஒன்றாக்கினார். வீட்டிலும் கோயிலிலும் படையிலும் கட்டளையிட்ட மொழியாலேயே, அம்மூன்றையும் நோக்கிக் கேள்வி எழுப்பினார். ஸ்ரெலன்பொஷ் வளாகத்திற் பாட அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அரச வானொலியார் அவர்களுடைய இசைத்தட்டின் பாடல்களை ஒலிபரப்ப இயலாதவாறு தட்டையே கீறிவைத்தனர். கீறல் விழுந்த தட்டு ஒலிக்காது. கேட்ட இளைஞர் மனத்தில் விழுந்த கீறலை யார் அழிப்பது?

அரசை வீழ்த்தியவை இப்பாடல்கள் என்று கூறுதல் மிகையாகும். அதை வீழ்த்தியது கறுப்பின மக்களின் நெடும் போராட்டமும் அவர்கள் சிந்திய குருதியுமே. ஆயினும், ஆளும் இனத்தின் பிள்ளைகள் தம் தந்தையரின் அச்சத்தைத் தாம் ஏற்க மறுத்தனர் என்பதற்கு இப்பாடல்கள் சான்று.

விடுதலைக்குப் பின்

1990 பெப்ரவரி 11 இல் மண்டேலா சிறை மீண்டார். 1994 ஏப்ரல் 27 இல் யாவரும் வாக்களித்தனர். அவ்வாண்டு மே மாதம் பாராளுமன்றத்தில் மண்டேலா வாசித்தது ஒரு கவிதையை. அது இங்கிரிட் ஜோங்கர் என்னும் ஆபிரிக்கான்ஸ் பெண் கவிஞர் எழுதியது. மொழியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்ட செயல் அது. ஆபிரிக்கான்ஸ் பதினொரு அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று. 2023 இற் சைகைமொழியும் சேர, இப்போது பன்னிரண்டுள் ஒன்று.

கபரேக்கோ புதிய இக்கட்டு. எதிரி வீழ்ந்தபின் வில்லாளி அம்பை எங்கே எய்வது? அரசுக் கலைமன்றங்களின் பழைய ஏற்பாடு கலைந்தது. 1995 இல் தீக்கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஔட்ஸ்ஹூர்ன் நகரில் ஆபிரிக்கான்ஸ் கலைவிழா ஒன்று தொடங்கிற்று. கபரேக் கலைஞருக்கு இத்தகைய விழாக்களே புகலிடமாயின. ஆனால் 1997 இல் அவ்விழாவிற் பாட வந்த மிரியம் மக்கேபா அம்மையார் மீது கூட்டத்திற் சிலர் பியர்க் குவளைகளை எறிந்தனர். சட்டம் ஒரே நாளில் மாறலாம். மனம் அவ்வாறு மாறாது.

பாட்டின் பொருளும் மாறிற்று. முன்னர் அரசை நோக்கி நீண்ட விரல் இப்போது தம் நெஞ்சை நோக்கித் திரும்பியது. குற்றவுணர்வு, புலம்பெயர்ந்த பிள்ளைகள், குடும்பத்தின் மறைந்த வேதனைகள், பழங்காலத்தின் மீது ஏக்கம் ஆகியன பாடுபொருளாயின. நத்தானியேல் என்னும் கலைஞர் ஆடம்பர உடையும் தம் வாழ்க்கைக் கதைகளுமாக அரங்குகளை நிறைத்தார். கெர்க்கொரல் 2002 இல் துயரமான முறையில் மறைந்தார். எய்ஸ் மட்டும் தம் அம்மையாரை ஓய்வு பெற விடவில்லை. 1994 இல் எவிற்றா தொலைக்காட்சியில் மண்டேலாவையே பேட்டி கண்டார். பின்னர் எய்ஸ் பள்ளிதோறும் சென்று எயிட்ஸ் நோயைப் பற்றி மாணவர்க்கு நகைச்சுவையுடன் எடுத்துரைத்தார். வாக்காளர்க்குத் தேர்தலைப் பற்றி விளக்கினார். புதிய ஆட்சியாளரின் ஊழலையும் அவர் விட்டுவைக்கவில்லை.

நிலையத்தில் ஒரு மாலை

டார்லிங் கேப் ரவுணிலிருந்து வடக்கே ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அன்று எங்கள் வண்டியைச் செலுத்தியவர் அத்தானின் நண்பரான ஓய்வுபெற்ற ஆசிரியர். சட்டம் ‘நிறத்தவர்’ என்று முத்திரை குத்திய கலப்பினத்தைச் சேர்ந்தவர். தாய்மொழி ஆபிரிக்கான்ஸ். என் மருமகள் அவரை ‘ஊம்’ என்று அழைத்தாள். மாமா என்று பொருள். காதுக்கு அது நமது ‘ஓம்’ போலவே கேட்டபடியால், அவளுடைய ஒவ்வோர் அழைப்பும் எனக்கு ஒரு சம்மதமாகத் தோன்றியது.

மாம்ரே என்னும் பழைய மிஷன் கிராமத்தைக் கடந்ததும் இருமருங்கும் காட்டுப்பூக்கள். மஞ்சளும் செம்மஞ்சளும் வெண்மையுமாக, மழை முடிந்த நிலம் கோலமிட்டிருந்தது. வழியிலே முதியவர் தம் இளமையைச் சொன்னார். அவர் குடும்பம் கேப் ரவுணின் ஆறாம் வட்டாரத்தில் வாழ்ந்தது. 1966 பெப்ரவரியில் அரசு அதனை வெள்ளையர் பகுதியாகப் பிரகடனம் செய்தது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிப்படியாக மணற்பாங்கான கேப் வெளிக்கு அகற்றப்பட்டனர்; வீடுகள் இடிக்கப்பட்டன. அப்பகுதியின் வாழ்வை டேவிட் கிரேமரும் தாலிப் பீற்றர்சனும் 1987 இல் இசைநாடகமாக்கியபோது, தம் தாயாரை அழைத்துச் சென்று காட்டியதாகவும், அவர் நாடகம் முழுவதும் அழுதுகொண்டே சிரித்ததாகவும் கூறினார்.

"1976 இல் நானும் பள்ளி மாணவனாக ஊர்வலத்திற் சென்றேன். எங்களைக் கலைக்கப் பொலிசார் ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே கத்தினர். நாங்கள் பயந்து ஓடியபோது ஒருவரையொருவர் கூப்பிட்டதும் அதே மொழியில்தான்" என்றார்.

டார்லிங் நிலையத்தின் பழைய கட்டடத்தை எய்ஸ் 1996 அளவில் அரங்காக மாற்றியிருந்தார். ‘எவிற்றா செ பெரோன்’ என்பது அதன் பெயர். ஆபிரிக்கான்ஸில் ‘பெரோன்’ என்றாற் புகையிரத மேடை. ஆர்ஜன்ரீனாவின் எவிற்றா பெரோன் அம்மையாரின் பெயரும் உள்ளே ஒளிந்திருக்கிறது. நம் மொழியிலோ இன்னும் வசதி: வண்டி நிற்பதும் மேடை, கூத்தாடுவதும் மேடை.

கூத்துத் தொடங்குமுன் உணவுச்சாலையிற் புலால் கலவாத மஞ்சட்சோறும், பின்னலிட்டுப் பொரித்துப் பாகிலே தோய்த்த ‘குக்சிஸ்ரர்’ என்னும் பலகாரமும் உண்டோம். பின்னர் தோட்டத்தைச் சுற்றினோம். பழைய ஆட்சியின் சின்னங்கள், தலைவர்களின் உருவங்கள், பலகைகள் யாவும் குழந்தைப் பொம்மைகளிடையே வைக்கப்பட்டு நகைப்புக்கிடமாகக் கிடந்தன. என் மருமகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். முதியவர் ‘வெள்ளையர்க்கு மட்டும்’ என்ற பலகையொன்றின் முன் நின்றுவிட்டார்.

"இத்தகைய வாங்கு ஒரு நிலையத்திலே காலியாகக் கிடந்தது. என் தாயார் வயிற்றிலே தம்பியுடன் ஒரு மணி நேரம் அதனருகிலே நின்றார். உட்காருங்கள் அம்மா என்று இழுத்தேன். என் கையில் அடித்தார். ஏன் அடித்தார் என்று அன்று எனக்குத் தெரியாது" என்றார். மருமகள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அந்த வாங்கைப் பற்றி அவள் வரலாற்றுப் புத்தகத்திற் படித்திருந்தாள். அதனருகில் நின்றவரின் மகனை அன்றுதான் கண்டாள்.

அரங்கு சிறியது. வந்திருந்தோரிற் பெரும்பாலோர் தலைநரைத்த வெள்ளையர். எய்ஸ் கரிய உடையுடன் வெறுங்கால்களோடு வந்தார். பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடி, ஒரு தொப்பி, ஒரு பொய்முடி எடுத்து, எம் கண்முன்னேயே மாறினார். விரலை ஆட்டி உதட்டை நக்கியதும் போத்தா வந்துவிட்டார். கண்ணாடியை மாற்றியதும் டெஸ்மண்ட் டூட்டு பேராயர் சிரித்தார். பின்னர் எவிற்றா அம்மையார், தம் கறுப்பினப் பேரப்பிள்ளைகளின் பெருமை பேசிக்கொண்டு எழுந்தருளினார். அம்மாதம் 3 ஆந் திகதிதான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருந்தது. ஆளுங்கட்சி சில பெருநகரங்களிற் பெரும்பான்மை இழந்திருந்தது. அதுபற்றிய கேலியில் அரங்கு அதிர்ந்தது. மறுகணமே அம்மையார் திரும்பி, நிறவொதுக்கல் காலத்தில் எவருமே அரசுக்கு வாக்களிக்கவில்லைபோலும் என்ற கருத்துப்பட ஒரு பார்வை பார்த்தார். அரங்கு மீண்டும் சிரித்தது. ஆனால் இம்முறை சிலர் தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தனர். என்னருகில் முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "ஐயா, உங்கள் வீட்டை இடித்தவர்களின் அருகில் அமர்ந்து எவ்வாறு சிரிக்க முடிந்தது?"

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "சிரிப்பு வீட்டைத் திருப்பித் தராது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் என் தாயின் மொழியிற் பேசினார். பொலிசாரின் மொழியில் அல்ல. இரண்டும் ஒரே சொற்கள்தான், ஆயினும் எனக்கு வேறுபாடு தெரியும்" என்றார்.

மொழி யாருடையது?

2011 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி ஆபிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோர் நாட்டு மக்களில் 13.5 சதவீதத்தினர். அவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதார். 2010 இல் ‘ஆபிரிக்காப்ஸ்’ என்னும் அரங்க நிகழ்ச்சியில், கேப் பகுதி இளைஞர்கள் துள்ளிசையும் சந்தப்பேச்சுமாக இம்மொழியின் பிறப்பைப் பாடினர். அடிமைகளும் இஸ்லாமியரும் கொயி மக்களும் பெற்றெடுத்த பிள்ளை இது என்று உரிமை கோரினர். மதுச்சாலை மேடையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து வீதிக்கும் சென்ற கபரே, முடிவில் மொழியின் முதற் சொந்தக்காரரின் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

பார்ள் மலையிலே மொழிக்கு எழுப்பிய தூண் பெரியது. டார்லிங் நிலையத்தின் மேடையோ சிறியது. தூணின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேடையின் முன்னால் மனிதரோடு மனிதராய் அமர்ந்தேன். ஒரு மொழியை அதிகாரம் கட்டளையாக்கினால், அதனைப் பேசும் பிள்ளையே அதற்கு அஞ்சும். அதே மொழி தன்னைத்தானே பார்த்து நகைக்கக் கற்றுக்கொண்டால், வெளியே நின்றவரும் வந்து அருகில் அமர்வர்.

ஊர் மீளும் நாளில் என் மருமகள் விமான நிலையத்தில் என்னைக் கேட்டாள்: "மாமா, அந்த ஊம் உட்காராத வாங்கு இப்போது எங்கே இருக்கும்?"

எங்கே இருந்தாலும், இனி அதில் யாரும் அமரலாம் என்றேன். "அவருடைய அம்மா அமரமுடியாதே" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.